நேர்ந்த முடி

குறிகாட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் தலையை இறுக்க மூடியிருந்தாள். அவளுடைய சிநேகிதியின் கழுத்தில் செபமாலை.

"நயினாதீவு அம்மாளுக்கு நேர்ந்த முடியை மருந்து கொண்டுபோட்டுது. இப்ப என்ரை நேர்த்தி தீர்ந்துதோ, இல்லையோ?" என்றாள் தலையை மூடியிருந்தவள்.

"எப்ப நேர்ந்தனீர்?"

"கான்சர் எண்டு சொன்ன அண்டைக்கே. சுகம் வந்தால் மொட்டை அடிக்கிறன் எண்டு நேர்ந்தனான். மருந்து ஏத்தத் தொடங்க எல்லாம் கொட்டுண்டு போச்சு."

"அம்மாள் முதலே எடுத்திட்டா எண்டு நினையுமன்."

"எடுத்தால் சுகமும் தரவேணுமெல்லே. வேறை ஏதும் நேரலாமாம், இவர் சொல்லுறார். நேர்த்தியை மாத்தக்கூடாதாம், மாமி சொல்லுறா. முளைச்சாப் பிறகு குடுக்கட்டாம், ஐயர் சொல்லுறார். முளைக்கும் எண்டு அவருக்கு ஆர் சொன்னது? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

சிநேகிதி தன் நீண்ட பின்னலை முன்னுக்கு எடுத்து மடியில் போட்டாள்.

"இதைக் குடுத்தால் அம்மாள் ஏற்பாவோ?"

"நீர் வேதக்காரியெல்லே."

"முடிக்கு என்ன வேதம்?"

மற்றவள் அந்தப் பின்னலைக் கையில் எடுத்து, அவிழ்ந்திருந்த நுனியைத் திரும்பப் பின்னி முடிந்துவிட்டாள்.

"வேண்டாம். முளைக்கவேணும் எண்டு நீர் உம்மடை மாதாவிட்டைக் கேளும். அம்மாளுக்குக் குடுக்கிறதை நான் குடுக்கிறன்."