டாக்டரம்மா மனசு

திண்டிவனத்தில் பஸ் கிளம்பும்போது, முன் சீட்டில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

"அந்த டாக்டரம்மா மனசு கஷ்டப்படுமேன்னுதான் போன வாரம் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"மனசு சரியில்லன்னு மருந்து துன்றது நீயா, அவங்களா?"

"நான்தான். மனச்சோர்வுன்றாங்களே, அதுக்கு இந்த மருந்து கேக்குதான்னு அந்தப் பொண்ணு ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்குது. வாரா வாரம் ஆசையா கேக்குது. இன்னும் அழுவுறேன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிப் போவுதுங்க."

"நேத்துகூட சோறு வேணாம்னு படுத்துக்கினியே."

"அத எப்படிச் சொல்றது? நம்ம பொண்ணு வயசு அதுக்கு."

"நீ நல்லா இருக்கேன்னு சொன்னா, இதே மருந்த இன்னொருத்திக்கும் குடுப்பாங்க. அவளும் உன்ன மாதிரி சோறு துன்னாம கெடப்பா."

விக்கிரவாண்டி தாண்டியதும் அந்த அம்மாள் போனை எடுத்தார்.

"டாக்டரம்மா, அன்னிக்கு நான் சொன்னது பொய்மா. எனக்கு இன்னும் சரியாவல. நேத்து சாப்புடவே இல்ல."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிம்மா, நாளைக்கே வர்றேன். நீ மனச வுட்றாத. சாப்ட்டியா?"