போர்வைக்கு இன்னும் ரெண்டு வரி

மாரிசெல்வி: இது ஆட்டுக்குட்டியா, நாய்க்குட்டியா? காதைப் பாத்தா ஒண்ணும் வெளங்கலையே.

பானுப்பிரியா: சும்மா இருங்கக்கா, எண்ணிக்கை விட்டுப்போகும்… பதினாலு, பதினஞ்சு, பதினாறு… ஆட்டுக்குட்டிதான்.

மாரிசெல்வி: வாலு காஞ்ச மொளகா கணக்கா நிக்குது.

பானுப்பிரியா: நெசக் குட்டிக்கும் அப்படித்தானே நிக்கும். தன்சிகா கேட்டது அந்தக் கருப்புக் குட்டியத்தான். ஒத்தக் காது மட்டும் வெள்ளை. மார்கழியில செத்துப்போச்சுல்ல.

மாரிசெல்வி: ஆமா. சாக்கப் போட்டு மூடியும் வெறைச்சுப்போச்சு. என் தங்கச்சி ரெண்டு நாளு அதை அடுப்புக்கிட்டயே வச்சிருந்தா. மூணாம் நாளு காலையில பாத்தா…

பானுப்பிரியா: அதனாலதான் புள்ள போர்வையோட கேட்டுச்சு. இந்தக் குட்டிக்குக் குளிரக் கூடாதாம்.

மாரிசெல்வி: குடு, பாப்போம்.

பானுப்பிரியா: என்னக்கா, பட்டாசுக் கம்பெனி கேட்டுல எங்களத் தடவிப் பாக்குற மாதிரியே பொம்மையையும் தடவுறீக. உள்ள பஞ்சுதான் இருக்கு. தீப்பெட்டி ஒண்ணும் இல்ல… வாய் தவறி வந்துருச்சுக்கா.

மாரிசெல்வி: விடு. இனி அந்தக் கேட்டுக்கு நான் போகப்போறதில்ல. ஏழு வருசம் நின்னேன். இன்னும் உள்ளங்கையில ஆளுகளோட இடுப்புச் சூடு ஒட்டிக்கிட்டு இருக்க மாதிரியே இருக்கு… மணி என்ன?

பானுப்பிரியா: மூணே முக்கா.

மாரிசெல்வி: நாலரைக்கு ஸ்கூல் வேன் வந்துரும். அதுக்குள்ள முடிச்சுருவியா?

பானுப்பிரியா: குட்டி எப்பவோ ரெடிக்கா. போர்வைதான். கையகலப் போர்வை, ஆனா கண்ணி கண்ணியாப் பின்னணும்ல. இன்னும் ஆறு வரி. காலையில போகும்போது அழுதுச்சா?

மாரிசெல்வி: அழல. நேத்து அவ அம்மாவுக்குப் பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சுது, இன்னைக்கே பையத் தூக்கிட்டு நிக்குறா. வேன்ல ஏறப்போகையில திரும்பிப் பாத்து, “பெரியம்மா, அம்மா கம்பெனிக்குள்ள செல்லு கொண்டு போனாளா”ன்னு கேட்டா.

பானுப்பிரியா: நீங்க என்ன சொன்னீக?

மாரிசெல்வி: வேன் கெளம்பிருச்சு.

பானுப்பிரியா: அந்தப் புள்ளைக்கே தெரியுமேக்கா. அன்னைக்குச் சனிக்கிழமை. ஸ்கூல் லீவு. ஒங்க தங்கச்சி சொர்ணத்தோட செல்லு வீட்டுல புள்ள கையிலதான இருந்துச்சு. வெடிச் சத்தம் கேக்கும்போதுகூட அதுல கேம் வெளாண்டுக்கிட்டு இருந்ததா அதுவே சொல்லுச்சே.

மாரிசெல்வி: தெரிஞ்சதுனாலதான் கேக்குறா.

பானுப்பிரியா: அப்புறம் எப்படி மருந்து ரூமுக்குள்ள செல்லு அடிச்சுச்சு, அதுலதான் தீப்பொறி வந்துச்சுன்னு கம்பெனிக்காரவுக சொல்றாக?

மாரிசெல்வி: அவுக என்ன வேணும்னாலும் சொல்லுவாக.

பானுப்பிரியா: யாரோ எழுதிக் குடுத்திருக்காகளாமே. கையெழுத்தெல்லாம் போட்டு.

மாரிசெல்வி: யாரோ… நீ வேலையப் பாரு. நூலு கீழ கெடக்கு பாரு, மண்ணாகுது.

பானுப்பிரியா: காலையில இருளம்மா வந்தாகளா?

மாரிசெல்வி: வராம இருப்பாளா. அதே வெடியில தங்கச்சாமி மாமா செத்ததுலருந்து தெனமும் ஏழு மணிக்கு வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துறா. “செல்லுல கொஞ்சிப் பேசி என் புருசனைக் கொன்னவ வீடு வெளங்குமா”ன்னு.

பானுப்பிரியா: நீங்க ஒண்ணும் சொல்லலையா?

மாரிசெல்வி: தூத்தி முடிச்சுட்டுக் குடிக்கத் தண்ணி கேப்பா. குடுப்பேன். சொம்பைக் கவுத்தி வச்சுட்டுப் போயிருவா. நாளைக்கும் வருவா.

பானுப்பிரியா: சொர்ணம் கொஞ்சிப் பேசுற ஆளா? செல்லுல பேசுனாலே ஊருக்கே கேக்கும். அவ செல்லே இல்லாம இங்கனருந்து சாத்தூருக்குப் பேசிருவான்னு நான்தான் கேலி பண்ணுவேன்.

மாரிசெல்வி: அவ புருசன் ஊர்க்காவலன் அதையெல்லாம் மறந்துட்டான். முந்தாநாளு என்ன கேட்டான் தெரியுமா?

பானுப்பிரியா: என்ன கேட்டாரு?

மாரிசெல்வி: “மதினி, வீட்டுல இருந்தது ஒரு செல்லு. அப்போ அவ வேற ஒரு செல்லு வச்சிருந்தாளா? யாரு வாங்கிக் குடுத்தது?”

பானுப்பிரியா: அடப்பாவி மனுசா…

மாரிசெல்வி: அவன் பாவியில்ல. பேப்பர்ல எழுதியிருக்குன்னா நம்பத்தான செய்வான். அவ பெட்டியத் தெறந்து சேலையெல்லாம் உதறிப் பாத்திருக்கான். செல்லு கெடைக்கல. கெடைக்கலைன்னதும் இன்னும் நம்புறான்… ஏன் நிறுத்திட்ட? போடு.

பானுப்பிரியா: கண்ணி விட்டுப்போச்சு. பிரிச்சுப் போடணும்.

மாரிசெல்வி: ஏ புள்ள, ஒண்ணு கேக்கணும். வெடிக்கு முந்துன நாளு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் கம்பெனி வேன்ல வரும்போது சொர்ணம் எங்கிட்டச் சொன்னாளே. போர்வை முடிஞ்சு போச்சுக்கா, இன்னும் ரெண்டு வரிதான் பாக்கின்னு. அவளே போட்டதுன்னு எம்புட்டுப் பெருமை. நீ எதுக்கு முதல்லருந்து போடுற?

பானுப்பிரியா: அது… கோணலாப் போச்சுக்கா. அவளுக்கு ஓரம் நேரா வராது. நான்தான் பிரிச்சுட்டேன்.

மாரிசெல்வி: பிரிச்ச நூலு சுருண்டு சுருண்டுல்ல இருக்கும். இது நேரா இருக்கு.

பானுப்பிரியா: புது நூலு வாங்கிட்டேன்.

மாரிசெல்வி: எங்கன?

பானுப்பிரியா: சாத்தூர்ல. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு கடை இருக்கே.

மாரிசெல்வி: பாதி உருண்டையாவா குடுத்தாக? அதே ரோஸ் கலரு நைலான் நூலு. கைய இங்கன கொண்டா.

பானுப்பிரியா: எதுக்குக்கா?

மாரிசெல்வி: கொண்டாங்கிறேன்ல. பாரு, நூலு உரசுன எடத்துல முடியெல்லாம் எந்திரிச்சு நிக்குது.

பானுப்பிரியா: ஆடிக் காத்துக்கு அப்படித்தான் நிக்கும்.

மாரிசெல்வி: என் கையும் இதே காத்துலதான இருக்கு. எத்தனை தடவ சொல்லியிருப்பேன் ஒங்களுக்கு. துணி உரசுனாலே உடம்புல கரண்டு ஏறும். அதுக்குத்தான் பருத்திச் சேலை. அதுக்குத்தான் ரூம் வாசல்ல செம்புத் தகடு. அதைத் தொட்டுக் கரண்டை எறக்கிட்டு உள்ள போங்கடின்னு. நைலான் பாவாடை கட்டிட்டு வந்த மாடத்தியை மழையில திருப்பி அனுப்புனேன். ஒரு மாசம் எங்கிட்டப் பேசல அவ.

பானுப்பிரியா: கட்டுற துணிக்குத்தான் அந்தச் சட்டம்னு நெனச்சோம்க்கா. பொம்மைப் போர்வைக்குமான்னு… தோணவே இல்ல.

மாரிசெல்வி: சொல்லு.

பானுப்பிரியா: நீங்க இங்கன இருந்து எந்திரிச்சுப் போயிருவீக.

மாரிசெல்வி: இது என் தங்கச்சி வீடு. நான் எங்க போக? சொல்லு.

பானுப்பிரியா: வீட்டுல வச்சா தன்சிகா பாத்துரும்னு எல்லாத்தையும் என் சோத்துப் பையிலதான் போட்டு வச்சிருந்தா. நாலு நாளா மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணித் தொட்டிக்கிட்ட ஒக்காந்து போடுவோம். நான் குட்டிக்குப் பஞ்சு அடைப்பேன், அவ போர்வை போடுவா. வெரலெல்லாம் மருந்துல சேக்குற வெள்ளிப் பொடி. போர்வையிலயும் பட்டு மினுங்கும். புள்ள ஜிகினான்னு நெனச்சுக்கும்னு சிரிப்பா.

மாரிசெல்வி: சனிக்கிழமையச் சொல்லு.

பானுப்பிரியா: மறுநாளு பொறந்தநாளுல்ல. அன்னைக்கே முடிச்சுரணும்னு இருந்தா. சங்கு ஊதியும் எந்திரிக்கல. இந்தக் கண்ணி மட்டும், இந்தக் கண்ணி மட்டும்னு… போர்மேன் வர்ற சத்தம் கேட்டுச்சு. பாத்தா அவளத்தான் வைவாரு. நான் போர்வைய ஊசியோட சுருட்டி அவ இடுப்புல சொருகிவிட்டேன். ஓடு, சாயந்திரம் முடிச்சுக்கலாம்னு முதுகுல கைய வச்சுத் தள்ளுனேன்.

மாரிசெல்வி: தகட்டைத் தொட்டாளா?

பானுப்பிரியா: நான் பாக்கல.

மாரிசெல்வி: பானு.

பானுப்பிரியா: பாத்தேன்க்கா. ரெண்டு கையிலயும் மருந்து அடைக்கிற காகிதக் குழாய்த் தட்டு. முழங்கையால கதவத் தள்ளிட்டுப் போனா. உள்ள தங்கச்சாமி மாமா மருந்து அடைச்சுக்கிட்டு இருந்தாரு. “வா மகராசி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா”ன்னாரு. அது எனக்குக் கேட்டுச்சு. பாட்டில்ல தண்ணி புடிக்கத் திரும்புனேன். பாட்டிலு பாதிகூட ரொம்பல… அந்த நூலாலதான் வெடிச்சுச்சான்னும் தெரியலக்கா. அன்னைக்கு வெயிலு எப்படி அடிச்சுச்சு. மருந்தும் காலையிலருந்து கலந்தபடியே கெடந்துச்சு. வேற எதுனாலயும் இருக்கலாம்ல?

மாரிசெல்வி: இருக்கலாம்.

பானுப்பிரியா: இருக்கலாம்னு தெனமும் எனக்கு நானே சொல்லிக்கிறேன். விடியிற வரைக்கும் சொல்றேன். நம்ப முடியல.

மாரிசெல்வி: அதுக்குத்தான் இதை முதல்லருந்து போடுறியா?

பானுப்பிரியா: அவ போட்டது அவளோட போச்சு. அடையாளம் பாக்கக் கூப்பிட்டாகல்ல… நீங்கதான போனீக. இடுப்புல ஏதாவது…

மாரிசெல்வி: அதைக் கேக்காத.

பானுப்பிரியா: சரிக்கா.

மாரிசெல்வி: எத்தனை வரி இருக்கு இன்னும்?

பானுப்பிரியா: ரெண்டு.

மாரிசெல்வி: ரெண்டு வரியா.

பானுப்பிரியா: ஆமா. அங்கன வந்துதான் என் கை நிக்குது. மூணு தடவ பிரிச்சுட்டேன்.

மாரிசெல்வி: இன்னைக்குப் பிரிக்காத. புள்ள வந்துரும்.

பானுப்பிரியா: நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைன்னு எனக்கும் பேப்பர் வந்துருக்கு. சொல்லிரப்போறேன்க்கா. செல்லு இல்ல, நூலு. கொண்டு போனது நானு, அவ இடுப்புல சொருகுனதும் நானுன்னு.

மாரிசெல்வி: ஒன் புருசனுக்குத் தெரியுமா?

பானுப்பிரியா: ஆலங்குளத்துல சிமெண்ட் மூட்டை ஏத்திட்டு வந்து அசந்து தூங்குறவருகிட்ட என்னத்தச் சொல்ல. சொன்னா வாயத் தெறக்காதம்பாரு. இனிமே தெறக்கலைன்னா, ஊர்க்காவலன் அண்ணன் ஆயுசு முழுக்க இல்லாத செல்லத் தேடிக்கிட்டு இருப்பாரு. தன்சிகா பெரிய மனுசி ஆனாலும் அவ அம்மாவ இப்படித்தான பேசுவாக.

மாரிசெல்வி: நீ சொன்னா இருளம்மா ஒன் வாசலுக்கு வருவா.

பானுப்பிரியா: வரட்டும். நானும் தண்ணி குடுக்குறேன்.

மாரிசெல்வி: ஒன்னையப் புடிச்சு உள்ள போட்டா?

பானுப்பிரியா: போடட்டும்க்கா. இங்கன மட்டும் என்ன, வெளியிலயா இருக்கேன்… அந்தக் கத்திரிய எடுங்க. முடிஞ்சுருச்சு.

மாரிசெல்வி: முடிஞ்சுருச்சா?

பானுப்பிரியா: பேச்சு மும்முரத்துல ரெண்டு வரியும் ஓடிருச்சு. இந்தாங்க, குட்டியப் புடிங்க. கழுத்து வரைக்கும் சுத்தணும், வெள்ளைக் காது வெளிய தெரியணும். அப்படித்தான் கேட்டுச்சு… அக்கா, என்னைய ஒரு வார்த்தை வைங்கக்கா. கூடப் பொறந்தவளக் கொன்னுட்டியேடின்னு ஒரு அறை அறைங்க. இம்புட்டும் கேட்டுட்டு நீங்க இப்படி ஒக்காந்திருக்கிறதுதான் எனக்குத் தாங்கல.

மாரிசெல்வி: வையுறதுக்கு எனக்கு வாய் இல்ல பானு. புதன்கிழமை காலையில கேட்டுல ஒன் சோத்துப் பைய அமுக்குனேன், மெத்துன்னு இருந்துச்சு. உள்ள கைய விட்டுப் பாத்தேன். இந்தக் காதுதான் வெரல்ல பட்டுச்சு. ஊசியும் பட்டுச்சு. நீ வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்ன. பை ரூமுக்குள்ள போகாதுல்ல, நம்ம தன்சிகாவுக்குத்தானன்னு போகவிட்டேன். நாலு நாளும் விட்டேன். வெடிச்சப்புறம், கேட்டுல எதை உள்ள விட்டேன்னு ஆபீஸ்ல ஒக்கார வச்சுக் கேட்டாக. ஒண்ணும் விடலன்னேன். அப்போ ஒன் தங்கச்சிதான் ஒனக்குத் தெரியாம செல்லக் கொண்டு போயிருக்கா, எழுதியிருக்கோம், போடுன்னாக. அவ ஒடம்ப இன்னும் ஆஸ்பத்திரியிலருந்துகூடக் குடுக்கல, அதுக்குள்ள போட்டுட்டேன். அந்தக் கையெழுத்து என்னோடது… வேன் ஆரன் கேக்குது பாரு. பொம்மைய நீயே குடு. என் கையால குடுக்க மாட்டேன். நான் உள்ள இருக்கேன். செல்லப் பத்திப் புள்ள கேட்டுச்சுன்னா, பெரியம்மாவுக்குத்தான் தெரியும்னு சொல்லி அனுப்பு.