அண்ணனைச் சுமந்தவன்

விமானத்தில் ஏறுகிறவர்களை மூட்டை முடிச்சோடு எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள் என்பது அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. நெல்லை நிறுப்பார்கள், வேர்க்கடலையை நிறுப்பார்கள். கோட்டும் தொப்பியுமாக வந்த ஒரு துரையை இரும்பு மேடைமேல் நிற்க வைத்து நிறுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அன்று காலையில் எனக்கு யார்மீதும் கோபம் இல்லை.

என் பெயர் திருவேங்கடம். ஊர் அயனம்பாக்கம். ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நன்செய் உண்டு, அப்பா இல்லை, அம்மா அன்னம்மாள் இருக்கிறாள். செத்துப்போன மணவாளன் என் கூடப்பிறந்த அண்ணன். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு இரண்டு கால்களும் சூம்பிப்போயின. இடுப்புக்கு மேலே நல்ல ஆகிருதி, கணீரென்ற குரல், நிறையப் படிப்பு. இடுப்புக்குக் கீழே நான்தான்.

பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்துக்கு அவரை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு போனவன் நான். அவர் உள்ளே படிப்பார், நான் வெளியே மரத்தடியில் காத்திருப்பேன். மாங்காட்டு அம்மன் சந்நிதி, கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே போனாலும் இரண்டு பேரும் ஓர் ஆளாகத்தான் போவோம். "தம்பின்னா இவன்தான்யா தம்பி" என்று பெரிய மனிதர்கள் என் முதுகைத் தட்டுவார்கள். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன். வருகிறவள் அண்ணனைத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்த வம்பே வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

யுத்தம் வந்து ஆவடியில் பட்டாளம் இறங்கியது. அண்ணன் ரேடியோப் பெட்டிகளைப் பழுது பார்க்கத் தாமாகவே கற்றுக்கொண்டவர். பட்டாளத்தில் அவருக்கு அந்த வேலையே கிடைத்தது. தினமும் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் புல் வெட்டும் கூலியாக நானும் சேர்ந்துகொண்டேன். யுத்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பிய துரை ஒருவர், ஆஸ்பத்திரியில் மிஞ்சிய ஒரு சக்கர நாற்காலியை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்தத் துரை நல்ல மனிதர்தான், அவரை நான் குறை சொல்லவில்லை.

அண்ணன் அந்த நாற்காலியில் ஏரிக்கரைமேல் தாமாகப் போனார், தாமாகத் திரும்பி வந்தார். வியர்த்து விறுவிறுத்து வந்து வாசலில் நின்று சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். "இன்னா வேங்கடம், இனிமே உனுக்கு லீவுதான்" என்று ஊரில் ஒவ்வொருவனும் என்னிடம் சொன்னான். எனக்கு நல்ல சேதி சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. கடைத்தெருவில் நான் தனியாக நடந்து போனால் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆள் இருப்பதே தெரியாமல் வழி மறித்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு மிகவும் வலித்தது.

அதனால் ஒரு சக்கரத்தைக் கழற்றி ஏரியில் எறிந்தேன். அண்ணன் கொல்லனைப் பிடித்து வேறு சக்கரம் செய்து மாட்டிக்கொண்டார். யார் எடுத்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு கத்திரி வெயில் நாளில், வயலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவரைத் தோளில் தூக்கிப் போனேன். அறுத்துக் கிடந்த வயலுக்கு நடுவே இறக்கிவிட்டேன். பிறகு நிழலில் போய் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். அவர் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், அப்புறம் வெறுமனே கத்தினார், அப்புறம் அறுத்த தாளின்மேல் முழங்கையை ஊன்றி ஊன்றி என்னை நோக்கி நகரத் தொடங்கினார். பொழுது சாயும் நேரத்தில் போய்த் தூக்கினேன். முழங்கைத் தோல் வழன்று தொங்கியது. வீட்டுக்கு வந்து மஞ்சள் பற்றுப் போட்டு, விசிறி, என் கையாலேயே சோறு ஊட்டினேன். கால் விளங்காதவருக்கு நாற்காலி என்ன, ஆள் என்ன என்ற வித்தியாசம் புரிய வேண்டும் அல்லவா? நான் சொல்லிப் பார்த்தால் புரியாது, அவர் படித்தவர்.

அவருக்குப் புரியவில்லை. பம்பாயில் ரேடியோ செய்யும் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டு வேலை வாங்கிவிட்டார். ரயிலில் போனால் வழியில் படுகிற பாடு அவருக்குத் தாங்காது என்று, விமானத்திலேயே வரச் சொல்லி ஏற்பாடும் செய்துவிட்டார்கள். நாற்காலியும் கூடவே வரலாமாம். அங்கே இறங்கினால் தூக்க ஆள் நிற்குமாம். இதையெல்லாம் என்னிடம் அவர் சந்தோஷமாகச் சொன்னார். அன்று சாயங்காலம் அவர் அறை நிலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை உள்ளே தள்ளும்போது நான் கதவைச் சாத்தினேன். இடது கையில் இரண்டு விரல் உடைந்தது. வலது கையை நான் தொடவில்லை, அது அவர் சாப்பிடுகிற கை.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "அவனத் தூக்கலைன்னா நீ செத்தாடா பூடுவே?" என்று என்னைக் கேட்டாள். பிறகு அவள் அண்ணன் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, "பூடு நைனா. இவன் கைக்கு எட்டாத ஊரா பார்த்துப் பூடு. என்னைப் பத்தி நெனைக்காத" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பெற்றவள் பேசுகிற பேச்சா அது? அவளைக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. வயதானவள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். புல் வெட்டப் போனேன் என்றேனே, அது பட்டாளத்துக்காரர்கள் விமானம் இறக்குவதற்காகப் போட்டிருந்த திடல். கூட வேலை செய்தவன் துலுக்கானம். ஒரு நாள் அவனோடு வந்திருந்த நாய், நின்றுகொண்டிருந்த விமானத்தின் பக்கம் ஓடியது. விமானத்தின் மூக்கில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சுற்றினால் அது தெரியும். வேகம் பிடித்துவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி, அந்தப் பக்கத்துப் பனைமரம் வரைக்கும் பளிச்சென்று தெரியும். நாயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஓடியது. துலுக்கானம் கதறிக்கொண்டே பொறுக்கிய துண்டுகளை நான்தான் குழி தோண்டிப் புதைத்தேன். புதிதாக வருகிற கூலிகளுக்கெல்லாம் அதற்கப்புறம் அதைச் சொல்லிச் சொல்லி எச்சரித்தவனும் நான்தான்.

அண்ணன் கிளம்பும் நாளில் அவரை விமானத்துக்குக் கூட்டிப்போகத் துலுக்கானத்தைத்தான் வண்டி பூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள் அம்மா. நான் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "கடைசியா ஒரு வாட்டி நானே தூக்கிகினு வர்றேன் அண்ணே" என்றேன். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை. அண்ணன் என் தலையில் கையை வைத்து, "சர்தான், வாடா. நீ இல்லாம நான் எங்கடா போயிருக்கேன்" என்றார். உள்ளே அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. அவருக்கு இளகிய மனசு.

துலுக்கானத்தின் வண்டியில் நாற்காலியோடு விமான நிலையம் போய்ச் சேர்ந்ததும்தான் அந்த எடை போடும் கூத்து. அண்ணனால் மேடைமேல் நிற்க முடியாதே. அங்கிருந்த குமாஸ்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரைத் தூக்கிகினு நீயே ஏறி நில்லுப்பா" என்றான். நின்றேன். அண்ணனை இறக்கிவிட்டு மறுபடி தனியாக நிற்கச் சொன்னான். இரண்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, என்னைக் கழித்தான். அண்ணன் மிஞ்சினார். அடுத்து நாற்காலியையும் நிறுத்தான். நாற்காலிக்கு இடம் உண்டாம், எனக்குத்தான் இல்லை. அதுவும் நியாயம்தான், சீட்டு வாங்கினால்தானே இடம் இருக்கும்.

பிறகு அங்கே வேலை செய்கிற இரண்டு பேர், பின்னால் ஏணியில் ஏற்றுவதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று, தங்கள் கைகளைக் கோத்து அதன்மேல் அண்ணனை உட்கார வைத்துத் தூக்கினார்கள். அண்ணன் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்பாடா. வலிக்கவே இல்லியே" என்றார்.

"நான் தூக்கினா வலிக்குமா அண்ணே?" என்று கேட்டேன்.

"உன் தோள் எலும்பு நெஞ்சுல குத்தும்டா. சின்னப்புள்ளையா கீறப்போவே குத்தும். சொன்னா நீ வருத்தப்படுவேன்னு வுட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். "இன்னா இப்போ, அதான் முடிஞ்சி போச்சே" என்றார்.

இதைக் கேட்டதனால்தான் செய்தேன் என்று எழுதாதீர்கள். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் காது அடைத்தது, அவ்வளவுதான்.

மற்றவர்கள் ஏறியான பிறகு அண்ணனை ஏற்றுவதாகவும், ஏணி வரைக்கும் நானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரலாம் என்றும் சொல்லிவிட்டு அவர்கள் முன்னால் போனார்கள். விமானத்துக்கு இரண்டு பக்கமும் விசிறி. கதவு இருந்த பக்கத்து விசிறி நின்றிருந்தது, எதிர்ப்பக்கத்து விசிறியை முடுக்கிவிட்டிருந்தார்கள். காது கிழிகிற இரைச்சல். வால் பக்கமாக வரச் சொல்லி ஓர் ஆள் தூரத்திலிருந்து கையைக் காட்டினான். எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் நாற்காலியை மூக்கைச் சுற்றி எதிர்ப்பக்கத்து விசிறியை நோக்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

அண்ணன் தலையைத் திருப்பி, "வேங்கடம், அந்தாண்ட இல்லடா, இந்தாண்ட" என்று கத்தினார். நான் தள்ளினேன். அவர் இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்தார். கரைமேல் ஓட்டி ஓட்டி உரமேறிய கை. உடைந்த விரல்களையும் சேர்த்துப் பிடித்தார், நாற்காலி நின்றுவிட்டது. அதனால் அவரைத் தூக்கினேன். முதுகில் இல்லை, முன்னால், குழந்தையைத் தூக்குகிற மாதிரி. அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன். என் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார், கன்னத்தைப் பிறாண்டினார், மூக்கில் குத்தினார். "இறக்கி வுடுடா, இறக்கி வுடுடா" என்று கத்தினார். விசிறிக்கு அந்தப் பக்கம் வானமும் புல்லும் தெளிவாகத் தெரிந்தன. நான் இரண்டு கையையும் நீட்டி அவரை அங்கே கொடுத்தேன்.

தலையும் தோளும் முதலில் போயின. சத்தம் மாறியது, என் மேலெல்லாம் சூடாகத் தெறித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவருடைய கால்கள் மட்டும் புல்மேல் கிடந்தன, ஒரு கீறல் இல்லாமல். என் வலது கையில் பாதி உள்ளங்கை போனது எனக்கு வெகுநேரம் வரைக்கும் தெரியவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் நல்லவர்கள். பட்டிக்காட்டான், சுற்றுகிற விசிறி இவன் கண்ணுக்குத் தெரியவில்லை, திசை தப்பிப் போய்விட்டான் என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அண்ணன் நழுவ, பிடிக்கப் போய்த் தன் கையையும் கொடுத்தான் என்று எனக்காகக் கண்ணீர்கூட விட்டார்கள். எனக்குப் பால் கொடுத்தார்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். துக்கத்துக்கு வந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக என் தோளைத் தொட்டு அதையேதான் சொன்னார்கள். அந்த நாயைத் தன் கையால் பொறுக்கிய துலுக்கானம்கூட, "கை நழுவிடுச்சி, நீ இன்னா பண்ணுவே அண்ணாத்தே" என்றான். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கை நழுவிவிட்டது என்ற அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அதனால்தான் பூந்தமல்லி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன்.

கொன்றேன் என்று எழுதுங்கள், இடது கை ரேகை வைக்கிறேன். தூக்கில் போடுங்கள், சரி என்கிறேன். ஆனால் கை நழுவியது என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள், ஐயா. விவரம் தெரிந்த நாள் முதலாக அவரைச் சுமந்தவன் நான். ஒரு தடவைகூட என் அண்ணனை நான் கீழே போட்டதில்லை.