ஏழு ஆட்டம், ஒரு முகூர்த்தம்

களம்பூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பட்டுக்கடை முதலாளியும் அவருடைய நெசவாளியும். நெசவாளியின் மடியில் கல்யாணப் புடவை.

"அமெரிக்காவுல எவனோ கூடைப்பந்து ஆடுனா, ஆரணியில அரக்கு பார்டர் பச்சையாவுமா?"

"பிளேஆஃபுங்க, கப்புக்கான சுத்து. ஏழு ஆட்டத்துல நாலு ஜெயிக்கணும். கடைசி நிமிஷம். போனைப் பாத்துகினே தறி ஓட்டினேன், கை பச்சை நூலை எடுத்துடுச்சு."

"ஒரு முழத்துக்கா? நாளைக்கு முகூர்த்தம்யா!"

"பேஜார் பண்ணாதீங்க. மூணு ஆட்டம் தோத்தவனே ஏழாவது ஆட்டத்துல ஜெயிக்கிறான்."

"அந்தப் பொண்ணு ஏழு தடவை தாலி கட்டிக்குமா? தோ, பொண்ணோட அப்பா ஸ்டாப்புலயே நிக்கிறாரு. எறங்கி நீயே சொல்லு."

நெசவாளி இறங்கினார். போனை மறக்காமல் எடுத்துக்கொண்டார். புடவை சீட்டிலேயே கிடந்தது.