போனை விட்டுப் பிள்ளையைப் பார்த்தவருக்கு

வீடியோ கேம் ஆடினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று இந்த அவையில் எத்தனை பேர் நம்புகிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், நாங்களும் நம்பியவர்கள்தாம்.

தரமணி உளவியல் துறையின் தனிப்பெரும் தகைமையே! அச்சத்துக்கும் ஆதாரத்துக்கும் நடுவே அசையாது நின்ற அன்பே! இன்று பணி ஓய்வு பெறும் பேராசிரியர் அன்வரி பேகம் அம்மையீர்!

"கேம் ஆடுனா கத்தி தூக்குவானா மேடம்?" என்று பதறி வந்த பெற்றோரை நீங்கள் ஒருநாளும் சிரித்து அனுப்பியதில்லை. ஆட்டம் அடிதடியை வளர்க்கும் என்பதற்குச் சான்று மெலிது என்றீர்கள். தூக்கம் கெடுவதும், விடமுடியாமல் சிலர் தவிப்பதும் மெய் என்றீர்கள்.

ஊரூர் குப்பத்து ரோஸி வந்த நாளை மறப்போமா! அவர் மகள் ஏஞ்சல் வகுப்புத் தோழியைத் தள்ளிவிட்டாள். பள்ளி அவளுடைய வீட்டுப் போனை வாங்கிப் பார்த்தது. திரை நாளெல்லாம் எரிந்ததாக அதிலிருந்த நேரக்கணக்கு காட்டியது. கேமுக்கு அடிமை, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். திரை எரிந்த நேரத்தையே பிள்ளை ஆடிய நேரமாக எண்ணும் எங்கள் ஆய்வுப் படிவமும் அதையே சொன்னது. நீங்களோ படிவத்தை மூடிவிட்டு, அவர்கள் வீட்டு மீன்கூடைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தீர்கள்.

விடியலில் கடலுக்குப் போகுமுன் காற்று நிலவரம் பார்க்க அப்பா ஆண்டனி போனை எடுத்தார். பெசன்ட் நகர் வீடுகளின் மீன் ஆர்டருக்கு ரோஸி எடுத்தார். மத்தியானம் சீரியல் ஓடியது. ஏஞ்சல் கைக்கு அது வந்தபோது இருட்டிவிட்டது.

"இன்னா மேடம் இது, போன் எங்கிட்டதான கீது! பொண்ணு எப்ப ஆடுச்சாம்?"

"அதான் ரோஸி, வீடே பாத்த கணக்கை உம்பொண்ணு தலையில கட்டிட்டாங்க." ஏஞ்சலிடம் திரும்பினீர்கள். "நீ ஏம்மா தள்ளுன?"

"மீன் நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கினா மேடம். டெய்லி."

மறுவாரம் பள்ளியில் தலைமையாசிரியை கேட்டார்: "அப்ப கேம் ஆடலாம்ங்கறீங்களா?"

"தூங்குற நேரத்துல வேணாம், மத்தபடி ஆடட்டும். தள்ளுனது தப்புதான். மூக்கைப் பொத்துறதுக்கு நீங்க என்ன பண்ணப் போறீங்க, அதைச் சொல்லுங்க."

டி.சி. கிழிந்தது. அதே படிவத்தை நம்பி எழுதிய எங்கள் ஆய்வுக் கட்டுரையையும் அச்சுக்குப் போகுமுன் நீங்களே திரும்ப வாங்கினீர்கள். அன்று முணுமுணுத்தோம், இன்று கைகூப்புகிறோம்.

நோயற்று, நெடுநாள், பேரப்பிள்ளைகளிடம் கேமில் தோற்றுத் தோற்று மகிழ்ந்து வாழ்வீர்களாக! இத்தகைய மடலில் வெற்றியோடு நிறுத்துவதே வழக்கம். முடிவைக் கூட்டி எழுத நீங்கள் எங்களை விட்டதில்லை; ஆகவே மிச்சத்தையும் எழுதுகிறோம்.

டி.சி. கிழிந்த மறுநாள் காலை ஏஞ்சல் தன் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்தத் தோழி வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.

இங்ஙனம்,
துறைப் பணியாளர்கள்