எச்சில் இல்லாத முத்தம்

பூமிக்கு அடியில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, ஜன்னல் துடைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சுரங்க ஊரான கூபர் பீடியில் எங்களில் பாதிப் பேர் குன்றைக் குடைந்து அதற்குள்தான் குடியிருக்கிறோம். வெளியே எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே வியர்க்காது. எனக்கு அது முக்கியம். மனித வியர்வை எனக்கு ஆகாது.

என் பெயர் லெஸ் நோஸ்கி. ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக ஓப்பல் கல் தோண்டுகிறேன். தண்ணீரை அளந்து செலவழிக்கும் ஊரில் நான் தினம் இரண்டு முறை குளிப்பேன். அதற்கு என்னைக் கேலி செய்வார்கள். வேறு எந்தப் புகாரும் என்மேல் இருந்ததில்லை. விசாரித்துப் பாருங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி ஞாயிறு பிற்பகல், கைவிடப்பட்ட ஒரு குழியிலிருந்து முனகல் கேட்டது. இங்கே அப்படித் திறந்து கிடக்கும் குழிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. சுற்றுலா வந்தவன் யாரோ விழுந்துவிட்டான் என்று நினைத்து வின்ச்சின் கம்பிக்கயிற்றை இறக்கினேன். மேலே வந்தவனுக்கு முதுகில் சிறகுகள் இருந்தன. இடது சிறகு ஒடிந்திருந்தது. பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்து, வைத்துக் கட்டினேன்.

அவன் தேவதூதன். நீங்கள் சிரிக்காமல் இருப்பதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். என் வீட்டிலிருந்து நான்கு டிரம் இறகுகளை எடுத்துப் போனீர்களே, அதற்கப்புறம் சிரிப்பது கஷ்டம்தான்.

அவன் எப்படி இருந்தான் என்று சொல்கிறேன். அவனுக்கு எந்த வாடையும் இல்லை. சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, கழிப்பறைப் பக்கம் போகவே இல்லை. வயிற்றில் தொப்புள் இல்லை. நெஞ்சில் காதை வைத்தால் உள்ளே ஒன்றும் துடிக்காது, நல்ல சுவரில் காது வைத்த மாதிரி இருக்கும். சிறகு குணமானதும் போய்விடுவான் என்று நினைத்தேன். குணமானது. அவன் போகவில்லை. ஒரு சாயங்காலம் மேஜைமேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இங்கயே இருந்துடட்டுமா?" என்றான்.

"இரு" என்றேன்.

முதலில் முத்தம் கொடுத்ததும் அவன்தான். அந்த முத்தத்தில் எச்சில் இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருபது வயதில் ஆட்டு ரோமம் வெட்டும் கொட்டகை ஒன்றில் வேலை செய்தபோது, கூட வேலை பார்த்த ஒருவன் என்னைத் தொட்டான். நானும் விலகவில்லை. அவன் வாயில் பீரும் வெங்காயமும் நாறின. மறுநாள் தோல் உரியும்வரை மண்ணெண்ணெய் போட்டு என்னைத் தேய்த்துக் கழுவினேன். அதற்குப்பின் யாரையும் தொடவில்லை. அதனால் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நான் அந்த ரகம் இல்லை. எனக்குக் கிடைத்தது வேறு. அது சுத்தமானது.

இரண்டு வருஷம் அப்படி இருந்தோம். என் வாழ்க்கையில் வேறு எதையும் நான் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.

கெட்டுப்போனது மிலிட்சாவால். அடுத்த வீட்டு செர்பியக்காரி, எழுபது தாண்டிய விதவை, ரொட்டி சுட்டு விற்கிறவள். அவள் அடுப்படியும் என் கூடமும் ஒரே குன்றில் இருக்கின்றன. அவள் இறைச்சி வைத்த அடை சுட்டால் காற்றுக்குழாய் வழியாக வாசனை என் வீட்டுக்குள் இறங்கும்.

"அது என்ன வாசனை?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. சாப்பாடு."

நான் சுரங்கத்துக்குப் போன சமயம் என் பழைய ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். சாயங்காலம் திரும்பினேன். உதட்டில் எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்தான். அன்றைய முத்தத்தில் எச்சில் இருந்தது.

மறுநாள் மிலிட்சா வேலியருகில் என்னை நிறுத்தினாள்.

"டேய் லெஸ், நல்லா ஒளிச்சு வெச்சிருந்தே போ. முதுகுல என்னடா அவனுக்கு, கூனா?"

"ஆமா."

"பேரு கேட்டா முழிக்கறான். நானே ராய்கோன்னு வெச்சுட்டேன். எங்க பாஷையில சொர்க்கத்துப் பையன்னு வரும். எலும்பும் தோலுமா இருக்கான், சோறு போட மாட்டியா நீ?"

"அவன் வாடகைக்கு இருக்கான்."

"இருக்கட்டும், இருக்கட்டும். இந்த ஊருல எவன்தான் எதையும் ஒளிக்கல. என் புருஷன் செத்தப்புறம் நான் பேசறதுக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கான், அனுப்பி வை." கண்ணைச் சிமிட்டினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப்பின் எல்லாம் வேகமாக நடந்தது. அவனுக்கு நகம் வளர்ந்தது. வெட்டியதைத் தரையில் பார்த்தேன். குளியலறை வடிகாலில் முடி. கழிப்பறையில் வாடை. தூக்கம் வந்தது, தூக்கத்தில் குறட்டை, தலையணையில் வாய்நீர்க் கறை. இறகுகள் உதிர ஆரம்பித்தன, அடித்தண்டில் மஞ்சளாகச் சீழ். உதிர்ந்ததையெல்லாம் டிரம்களில் சேர்த்து வைத்தேன். அவன் வருத்தப்படவே இல்லை. கையைத் தூக்கி அக்குளைக் காட்டினான்.

"மோந்து பாரு லெஸ், நாறுது" என்று சிரித்தான். பரிசு வாங்கியவன் போல இருந்தான்.

ஒரு காலையில் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தான். உள்ளே ஏதோ பிராணி மாதிரி துள்ளியது.

"கேக்குதா? உன்னாலதான். இனி வானத்துக்குத் திரும்பிப் போகப்போறதில்ல. உன்னை மாதிரியே ஆயிடறேன்."

நான் கையை இழுத்துக்கொண்டேன். கழுவினேன்.

அப்புறம் அவன் கேட்டான், வெள்ளிக்கிழமை என்னோடு மதுக்கடைக்கு வரலாமா என்று. "சும்மா உன் பக்கத்துல உக்காரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

"லெஸ்ஸோட ஆளுன்னு சொல்லு."

நான் கோபப்படவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். உணவால் வந்த கோளாறு, உணவை நிறுத்தினால் போகும். எந்த மருத்துவரும் அப்படித்தான் யோசிப்பார். பின்னறையில் முன்பு வெடிமருந்து வைத்திருந்தேன், இரும்புக் கதவு போட்டது. சுத்தம் செய்து மெத்தை விரித்தேன். தண்ணீர் வைத்தேன், தண்ணீரை ஒருநாளும் நிறுத்தவில்லை. காற்றுக்குழாயில் சாக்கை அடைத்தேன், ரொட்டி வாசனை அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக. மிலிட்சாவிடம் அவன் அடிலெய்டுக்குப் பஸ் ஏறிவிட்டான் என்றேன்.

"சொல்லிக்காம போற பையன் இல்லியேடா அவன்" என்றாள்.

முதல் வாரம் கதவைத் தட்டினான். இரண்டாம் வாரம் மெத்தையிலிருந்தே பேசினான்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்ல. பொறுத்துக்கோ. பழையபடி ஆயிடுவே."

"பழையபடி ஆனா உன்னை எப்படிப் பிடிக்கும், லெஸ்? பிடிக்கறதுக்குத்தானே இந்த உடம்பே."

பசியில் பேசுகிறான் என்று கதவைச் சாத்தினேன்.

சிகிச்சை வேலை செய்தது என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கழிவு நின்றது. வியர்வை நின்றது. தோல் வெளுத்து ஊடுருவிப் பார்க்கிற மாதிரி ஆனது. நான்காவது வாரம் டிரம்களில் சேர்த்து வைத்திருந்த இறகுகளில் நல்லவற்றைப் பொறுக்கி, ஓப்பல் சில்லு ஒட்டுகிற பசையால் அவன் சிறகுகளில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். நான்கு நாள் வேலை. அவன் தலையைத் தூக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஒருமுறை மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் பலமில்லை. அழகாக இருந்தான்.

நாற்பத்தோராம் நாள் காலையில் நெஞ்சில் காது வைத்தேன். ஒன்றும் துடிக்கவில்லை. குணமாகிவிட்டான் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன், பழைய நாட்களைப்போல. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அவனுக்கு முத்தம் கொடுத்தேன். எச்சில் இல்லை.

நான்காம் நாள் வாடை வந்தது. இன்னும் இரண்டு நாள் ஆனதும் தாங்க முடியவில்லை. அவன் எனக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று தோன்றியது. குழாயிலிருந்து சாக்கை உருவினேன். வாடை மிலிட்சாவின் அடுப்படிக்குப் போனது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஆட்கள் அவனைத் தூக்கிப் போனபோது அவள் வாசலில் நின்றாள். நான் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை.

"மாவு பிசையக் கத்துக்கிட்டிருந்தான்டா. லெஸ்ஸுக்குப் பிடிக்குமான்னு ஒவ்வொரு தடவையும் கேட்பான்" என்றாள். பிறகு என் காலருகில் துப்பினாள். ஷூவில் பட்டது. உங்கள் ஜீப்பில் வரும் வழியெல்லாம் அதைத் துடைக்க ஒரு துணி கேட்டேன், யாரும் தரவில்லை.

எதையும் மறுக்கப் போவதில்லை. கதவைப் பூட்டியது நான். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவன் ரொட்டி கேட்டான், நான் தரவில்லை, அவன் செத்தான். கொலை என்று எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது. மருத்துவர் சிறகுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார், அது சரி. ஆனால் முதல் வரியில், இறந்தவர் ஆண், வயது சுமார் முப்பத்தைந்து என்று போட்டிருக்கிறார். அந்த 'ஆண்' என்பதை அடித்துவிடச் சொல்லுங்கள். நாளைக்கு இது கோர்ட்டில் ஊரறியப் படிக்கப்படும். நான் கொலைகாரனாக இருக்கலாம். அப்படிப்பட்ட அசிங்கம் எதுவும் என் வீட்டில் நடந்ததில்லை.