மூன்று முறை தட்டினேன்

கிறிஸ்துமஸ் முடிந்தால் எங்கள் ஊரில் யாரும் மரத்தைக் குப்பையில் போடுவதில்லை. என் வீட்டு வாசலில் சாய்த்துவிட்டுப் போவார்கள். ஏரி உறைந்ததும், கரையிலிருந்து தீவு வரை இரண்டு மைல் தூரத்துக்குப் பனிக்கட்டியில் துளை போட்டு அவற்றை வரிசையாக நடுவது என் வேலை. பனி கொட்டும்போது எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. மரத்துக்கு மரம் பார்த்து நடந்தால் பத்திரமாகப் போய்ச் சேரலாம். இருபத்திரண்டு வருடமாக நட்டு வருகிறேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை.

ஓரின் டுவோமினென் தீவில் குடியிருந்தவர். பள்ளியில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமைதோறும் ஏரியைக் கடந்து வந்து, எங்கள் நூலகத்தில் எட்டுப் பேருக்குச் சிறுகதை வகுப்பு எடுப்பார். செவ்வாய் என்பதை நினைவில் வையுங்கள். அவர் இறந்தது திங்கட்கிழமை.

என் கதைகளில் கடைசியில் யாராவது சாவார்கள். எனக்கு அப்படித்தான் வரும். ஆறு வருடத்துக்கு முன் என் முதல் கதையைப் படித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"ஆர்டிஸ், உன் கதையில சாவு கூரையப் பிச்சுக்கிட்டு வந்து விழுதும்மா. உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு மூணு தடவ கதவத் தட்டச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு விளக்கினார். ரத்தத்தில் முடிகிற கதை என்றால் வாசகரை அதற்குத் தயார் செய்ய வேண்டும். முதல் பக்கத்திலிருந்தே சின்னச் சின்ன அறிகுறிகள் வைக்க வேண்டும். முடிவு வந்ததும் வாசகர் திடுக்கிட வேண்டும். திரும்பிப் பார்த்தால், எல்லாம் முன்பே சொல்லியிருந்ததே என்று தோன்ற வேண்டும். அதுதான் நியாயமான எழுத்து என்றார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஊர் எடுத்துக்கொண்டது அந்தத் தட்டலை. மளிகைக்கடை லூவானும் வகுப்பில் இருந்தாள். அன்றிலிருந்து நான் கடைக்குள் நுழைந்தால் மேசையில் மூன்று தட்டு தட்டுவாள். அப்புறம் தபால்காரி, அப்புறம் தேவாலயத்தில் முன்வரிசைக்காரர்கள். ஆறு வருடம். நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஓரினிடம் ஒரு தடவை கேட்டேன்.

"பாசத்துலதானம்மா தட்டுறாங்க," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போய் ஒரு கதை எழுதினேன்.

பனிக்கட்டியில் மரம் நடும் ஒரு பெண்ணின் கதை. வேலையெல்லாம் முடிந்த மார்ச் மாதத்தில் அவள் துளைக்கருவியைத் தீட்டுகிறாள், இது ஒன்று. ஆற்றுநீர் வந்து கலக்கிற இடத்தில் பனிக்கட்டி கெட்டியாகவே ஆகாது என்பது அவளுக்குத் தெரியும்; இது இரண்டு. கிறிஸ்துமஸ் அலங்காரத்தின் வெள்ளி இழை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மரம், தேவாலயக் கோபுரத்துக்கு வலப்பக்கம் நின்றது, இப்போது இடப்பக்கம் நிற்கிறது, இது மூன்று. கடைசிப் பக்கத்தில் ஒருவர் மரங்களை நம்பி நடந்து மூழ்கிப்போகிறார். செவ்வாயன்று மற்ற ஏழு பேருக்கும் ஓரினுக்கும் பிரதி கொடுத்தேன். நான் எதையும் மறைக்கவில்லை.

ஞாயிறன்று வீட்டு வாசலில் உட்கார்ந்து துளைக்கருவியைத் தீட்டினேன். லூவான் அந்த வழியாகப் போனாள், கையசைத்தாள். கதையைப் படித்தவள்தான்.

திங்கள் காலை, வெள்ளி இழை மரம் உட்படப் பதினோரு மரங்களைப் பிடுங்கி, ஆற்றுநீர் கலக்கிற பக்கமாக மாற்றி நட்டேன். ஆமாம், நான்தான். செவ்வாய்க்காக நட்டேன். அதற்குள் தபால்காரி அந்த வழியே வந்திருந்தால் என்று கேட்கிறீர்கள். வரவில்லையே.

மதியம் மூன்று மணிக்குப் பனி கொஞ்சம் விலகியபோது, சமையலறை ஜன்னலிலிருந்து ஓரினின் சிவப்புக் குல்லாயைப் பார்த்தேன். ஒரு நாள் முன்னதாக வருகிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. வெள்ளி இழை மரத்தருகே நின்றார். இழையைத் தொட்டுப் பார்த்தார். கதவைத் திறந்து கத்தியிருந்தால் கேட்டிருக்கும். கையில் காப்பி இருந்தது. மறுபடி பனி மூடியது.

ஏன் திங்கட்கிழமை வந்தார் என்பது மட்டும் எனக்குப் புரியவே இல்லை. இன்று காலை நீங்கள் அவர் கோட்டிலிருந்து எடுத்து உலர்த்திய என் கதையைக் கொண்டுவந்து வைத்தீர்கள். அவர் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். தண்ணீரில் அழியவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்ததை நீங்களே வாசித்தீர்கள்.

"ஆர்டிஸ், மூணு தட்டும் கேட்டுச்சு. படிச்சு முடிச்சதும் மறுபடி முதல் பக்கத்துலேர்ந்து படிச்சேம்மா. செவ்வாய் வரைக்கும் பொறுக்க முடியல. நேர்லயே வந்து சொல்றேன்."

அப்போது நான் அழுததைப் பார்த்தீர்கள். வாக்குமூலத்தில் வருத்தம் என்று எழுதிவிடாதீர்கள், அது சந்தோஷம். ஆறு வருடமாக நான் காத்திருந்த வரி அது. மூன்று தட்டும் கேட்டதாக அவரே கைப்பட எழுதியிருக்கிறார். கேட்ட பிறகும் ஏன் நடந்து வந்தார் என்பதை நீங்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும்.